அமைதிக்கு எவ்வளவு செலவிடலாம்?

மும்பையிலிருந்து புணே செல்லும் விரைவுச் சாலையில் கார் ஏறியதும் என் மனைவி பேச்சை நிறுத்திவிடுவார். கோபமோ களைப்போ காரணமில்லை. இரு செவிகளிலும் கேட்புக் கருவி அணிந்திருப்பவர் அவர். எங்கள் மகன் ஆசைப்பட்டு வாங்கிய 'ஸ்போர்ட்டி' வகைக் காரின் பின்னிருக்கையில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், முன்னால் நாங்கள் பேசுவது எதுவும் அவருக்கு எட்டுவதில்லை. கருவி பேச்சைப் பெருக்கும்போது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிவிடுகிறது. எனவே பன்வேலைத் தாண்டியதும் கருவிகளைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குவார். லோனாவாலாவில் தேநீருக்கு இறங்கும்போதுதான் மீண்டும் குடும்பத்தோடு சேர்ந்துகொள்வார்.

காருக்கு ஒலித்தடுப்புச் செய்வது இசைப்பெட்டிக்கு இலட்சம் ரூபாய் செலவிடும் இளைஞர்களின் பொழுதுபோக்கு என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். ஆயினும், அதற்காகக் கடைகளில் கேட்கப்படும் முழுத் தொகையையும் கொடுத்தாக வேண்டும் என்பதை இன்றும் நான் ஏற்கவில்லை.

நாங்கள் முதலில் சென்ற கடையில் கதவுகள், தரை, கூரை, பின்பெட்டி, பானெட் என முழுக் காருக்கும் 88,000 ரூபாய் என்றார்கள். சுவரில் மாட்டியிருந்த விளம்பரம், 'இரைச்சல் 60 விழுக்காடு குறையும்' என்றது. எதில் 60 விழுக்காடு என்று கேட்டேன்; புன்னகைதான் பதிலாகக் கிடைத்தது. ஒலியை அளக்கும் டெசிபல் என்ற அலகு நம் வழக்கமான கூட்டல் கழித்தலுக்கு அடங்காதது. 3 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிவிடும். ஆனால் செவிக்கு இரைச்சல் பாதியானதுபோல் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே ஆற்றலில் 60 விழுக்காடு குறைந்தாலும் அது வெறும் 4 டெசிபல்தான். 'சற்றுக் குறைந்திருக்கிறது' என்றுதான் பயணி சொல்வார். விளம்பரம் பொய் சொல்லவில்லை, முழுமையாகவும் சொல்லவில்லை. கடனின் தொடக்கத் தொகை மீது கணக்கிடும் 'ஃபிளாட்' வட்டியையும், குறைந்துவரும் நிலுவை மீதான வட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்த வாசகர்களுக்கு இந்தக் கணக்கின் சுவை புரியும்.

அடுத்து, எந்த இரைச்சலைத் தடுக்கப்போகிறோம் என்ற கேள்வி. ஸ்போர்ட்டி கார் என்றதும் எல்லோரும் எஞ்சினைக் குறை கூறுகிறார்கள். எங்கள் காரில் மேல் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தின்போது எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுகளைச் சற்றுத் தாண்டி அமைதியாகவே ஓடுகிறது. (எஞ்சின் ஓசை உள்ளே போதவில்லை என்று அதை ஒலிபெருக்கி வழியே சேர்த்துத் தரும் தயாரிப்பாளர்களும் உண்டு, 2011இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ எம்5 அவ்வாறே செய்தது.) உண்மையான இரைச்சல் டயரிலிருந்து வருகிறது. 185/65 அளவுள்ள 15 அங்குல டயரின் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர் உயரம். எங்கள் காரில் உள்ள 205/45 அளவுள்ள 17 அங்குல டயரில் அது 92 மில்லிமீட்டர் மட்டுமே. சக்கரத்தின் மொத்த உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அதிர்வை உள்வாங்கும் ரப்பர்தான் குறைந்துவிட்டது. அதன்மேல் இறுக்கமான சஸ்பென்ஷன். போதாக்குறைக்கு, 2002இல் முழுமை பெற்ற இந்த விரைவுச் சாலை கான்கிரீட்டால் ஆனது. நெடுநாள் உழைக்கும் சாலை அது, ஐயமில்லை. ஆனால் தார்ச் சாலையைவிட டயரை உரக்கப் பேச வைக்கும். இணைப்புகளைக் கடக்கும் ஓசை தண்டவாளத்தை நினைவூட்டும். ஹாட்ச்பேக் வகைக் காரில் பின்பெட்டிக்கும் பயணிகளுக்கும் இடையே தகட்டுச் சுவர் கிடையாது என்பதால், பின்சக்கரங்களின் ஓசை முழுவதும் பின்னிருக்கையில் இருப்பவரின் செவிக்கே செல்கிறது.

ஆகவே பின்புறத்தில் மட்டும் வேலை செய்வது என்று முடிவு செய்தோம். முதலில் செலவில்லாதவற்றைப் பார்த்தோம். டயரில் காற்றழுத்தம் குறிப்பிட்டதைவிடக் கூடுதலாக இருந்தது, சரிசெய்தோம். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால், அது எளிதாக உருவிக்கொண்டு வரும் இடத்தில் ரப்பர் பீடிங் தளர்ந்துவிட்டது என்று பொருள். (ரூபாய்த் தாள் வேண்டாம், கிழிந்தால் மாற்றுவதற்கு மீண்டும் வங்கிக்குத்தான் வரவேண்டும்.) இடைவெளியைச் சிறிதென்று எண்ணலாகாது. ஒரு தடுப்பின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதியை எவ்வளவு தடித்த பொருளால் மூடினாலும் அது 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. பின்கதவுகள் இரண்டிலும் பீடிங் மாற்ற ஆனது மூவாயிரத்துச் சொச்சம்.

பிறகுதான் பியூட்டைல் ரப்பர் விரிப்பு. பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும். உள்ளங்கையை அதன்மேல் பதித்துத் தட்டினால் ஓசை உடனே அடங்கிவிடும். தகட்டுக்கு இந்த விரிப்பு செய்வது அந்த உள்ளங்கையின் வேலையே. தாம்பாளம் முழுவதையும் கையால் மூட வேண்டியதில்லை அல்லவா? தகட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கில் ஒட்டினாலே பெரும்பயன் கிடைத்துவிடுகிறது. கடைக்காரர் சதுர அடிக் கணக்கில் விற்கிறார். அவர் முழுப் பரப்பையும் மூடச் சொல்வது இயல்பே. எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2 மில்லிமீட்டர் விரிப்பு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ; அதன்மேல் போர்த்தும் கனமான வினைல் தடுப்பு ஏறத்தாழ 5 கிலோ. கார் முழுவதும் போர்த்தினால், இறங்கவே இறங்காத பயணி ஒருவரை ஏற்றிக்கொண்டதாகிவிடும். இலேசான, துள்ளலான காருக்கென்று கூடுதல் விலை கொடுத்துவிட்டு, அந்தத் துள்ளலை மூடிவைக்கவும் விலை கொடுப்பதா?

தரத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. மலிவான தார் கலந்த விரிப்புகள் நாக்பூரின் மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகி நாற்றமடிக்கும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை அடைத்துவிட்டால் சில பருவமழைகளிலேயே கதவு உள்ளிருந்து துருப்பிடிக்கும். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேகை இயக்கும் அழுத்த உணரி கதவுக்குள்ளேயே இருக்கிறது. அத்தகைய கதவைத் தயாரிப்பாளரின் பணிமனையைக் கேட்காமல் தொடவே கூடாது.

கணக்குப் புத்தகப் பக்கம் வருவோம். கடன் முடியும்வரை கார் வங்கிக்கு ஈடாக இருக்கிறது, ஆர்.சி.யிலும் அது குறிக்கப்பட்டிருக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. உள்ளே ஒட்டும் விரிப்புக்குப் பொதுவாக அந்தச் சிக்கல் எழுவதில்லை. ஆயினும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நலம். கதவைக் கழற்றியது உத்தரவாதத்தைப் பாதிக்குமா என்றும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கெனத் தனிநபர் கடன் வாங்குவதையோ கடன் அட்டையில் தவணையாக மாற்றுவதையோ நான் ஆதரிக்க மாட்டேன். கையிருப்பில் முடிகிற அளவுக்குச் செய்துவிட்டு, ஒரு பயணம் போய்ப் பார்த்து, போதவில்லை என்றால் அடுத்ததைச் செய்யலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே கடையில், உள்ளே அமைதிக்காகப் பணம் கட்டிய ஓர் இளைஞர், வெளியே உறுமும் சைலன்சருக்கும் விலை கேட்டுக்கொண்டிருந்தார். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000ஆம் ஆண்டு விதிகள் வரம்பு வகுத்துள்ளன. தமக்கு அமைதியை வரவு வைத்துக்கொண்டு, தெருவில் உள்ளவர்கள் கணக்கில் இரைச்சலைப் பற்று எழுதுவது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு 22,000 ரூபாய். டயர்கள் தேய்ந்து எப்படியும் மாற்றவேண்டியிருந்ததால் அவற்றை இதில் சேர்க்கவில்லை. 15 அங்குலச் சக்கரத்துக்கு மாறலாமே என்று மகனிடம் கேட்டுப் பார்த்தேன், பேச்சுவார்த்தை முறிந்தது. அதே அளவில், ஓசை குறைந்த வார்ப்புடைய டயர்களைப் போட்டோம். கைப்பேசிச் செயலியில், அதே இடத்தில், அதே வேகத்தில், முன்பு 75 காட்டியது, இப்போது 71. கைப்பேசியின் அளவு துல்லியமானதாக இராது. ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். விளம்பரத்தின் 60 விழுக்காடு ஏறத்தாழ இதுதான். கால்பங்குச் செலவில் அது எங்களுக்குக் கிடைத்துவிட்டது. வேகத்தை 80ஆகக் குறைத்தால் காற்றின் ஓசையாற்றல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். அதற்குச் செலவே இல்லை. மகன் அதற்கும் அரைமனத்தோடுதான் இணங்கியிருக்கிறான்.

சென்ற மாதம் கண்டாலா மலைப்பாதைக்குச் சற்று முன்னால் இந்தக் கணக்கைத்தான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கடைக்காரர் 85,000 கேட்டாரே என்றேன்.

"எண்பத்தைந்து இல்லை, எண்பத்தெட்டு" என்றது பின்னிருக்கை.