பொறி தானாக விழவில்லை

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி எழுதும்போது, 'வன்முறைதான் மாற்றத்துக்கு வித்திட்டது' என்று பலரும் எளிதாக எழுதிவிடுகிறார்கள். எம்மெட் டில் கொல்லப்பட்டான், நாடு விழித்துக்கொண்டது. ரோசா பார்க்ஸ் கால் வலித்து இருக்கையை விட்டு எழ மறுத்தார், பேருந்துகள் காலியாக ஓடின. இந்தக் கதையில் கொலைக்கும் மாற்றத்துக்கும் நடுவில் யாருமே வேலை செய்வதில்லை. அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பெண்கள் என்பதால்தான் அது கணக்கில் வராமல் போகிறது.

வன்முறை மட்டுமே போதும் என்றால் மாற்றம் 1892இலேயே வந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு மெம்ஃபிஸ் நகரில் மளிகைக்கடையோடு தொடர்புடைய மூன்று கறுப்பின ஆண்களை வெள்ளையர் கும்பல் கொன்றது. பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், இத்தகைய கொலைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட காரணத்தையே ஆராய்ந்தார். வெள்ளைப் பெண்ணின் மானத்தைக் காக்கவே இவை நடக்கின்றன என்பது பொய் என்று எழுதினார். அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள்.

அந்த 'மானம்' எந்தப் பெண்ணுக்கு இருந்தது? 1944 செப்டம்பரில் அலபாமாவின் ஆபிவில் ஊரில், தேவாலயத்திலிருந்து வீடு திரும்பிய 24 வயது ரீசி டெய்லரை வெள்ளை இளைஞர்கள் ஆயுதம் காட்டிக் கடத்திச் சென்று கூட்டாக வன்புணர்ந்தார்கள். அவர்களில் ஒருவன் நடந்ததை ஒப்புக்கொண்டான். அப்படியும் வெள்ளை ஆண்கள் மட்டுமே இருந்த நடுவர் குழுக்கள் இரண்டு முறை கூடி, இரண்டு முறையும் குற்றம்சாட்ட மறுத்தன. வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அப்போதும் ரீசி வாயை மூடிக்கொள்ளவில்லை. அலபாமா சட்டமன்றம் அவரிடம் மன்னிப்புக் கேட்டது 2011இல்.

1944இல் அவர் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொள்ள மாண்ட்கமரியிலிருந்து வந்தவர் ரோசா பார்க்ஸ். பேருந்துச் சம்பவத்துக்கு 11 ஆண்டுகள் முன்பே அவர் இயக்கத்தின் களப்பணியாளர். அவரைக் 'களைத்துப்போன தையல்காரி'யாகச் சுருக்குவது, அவருடைய அரசியலைப் பறித்துக்கொண்டு கால்வலியை மட்டும் கொடுப்பதாகும்.

1955 ஆகஸ்ட் 28 அன்று மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் கொல்லப்பட்டான். கடைக்கார வெள்ளைப் பெண்ணிடம் தவறாக நடந்தான் என்பது சொல்லப்பட்ட காரணம். அதே பழைய மானக் கதை. உடலை அங்கேயே அவசரமாகப் புதைக்கப் பார்த்தார்கள். அவன் தாய் மேமி டில் அதைச் சிகாகோவுக்கு வரவழைத்தார். சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். சிதைந்த அந்த முகத்தைப் பல்லாயிரம் பேர் நேரில் கண்டார்கள். நாட்டை உலுக்கியது அந்தத் தாயின் முடிவு. கொலையாளிகளோ விடுதலையானார்கள், சில மாதங்களில் ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள்.

பேருந்துப் புறக்கணிப்பும் தானாக மூண்டதல்ல. பெண்கள் அரசியல் கவுன்சிலின் தலைவர் ஜோ ஆன் ராபின்சன், புறக்கணிப்பு வரக்கூடும் என்று 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தார். ரோசா கைதான இரவில், சக ஆசிரியர் ஒருவரோடும் இரண்டு மாணவர்களோடும் கல்லூரியில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சடித்தார். 381 நாட்கள் மக்கள் பேருந்தில் ஏறவில்லை. வெள்ளையர் வீடுகளில் சமைத்து, துவைத்துப் பிழைத்த பெண்கள் வேலைக்கு நடந்தே போனார்கள். பேருந்துப் பாகுபாட்டைச் சட்டப்படி ஒழித்த வழக்கைத் தொடுத்தவர்கள் நான்கு பெண்கள். அவர்களில் க்ளாடெட் கால்வின், ரோசாவுக்கு ஒன்பது மாதங்கள் முன்பே 15 வயதில் எழ மறுத்துக் கைதானவர்.

ஆனால் 1963இல் வாஷிங்டன் பேரணி மேடையில் முக்கிய உரை எதுவும் பெண்களுக்கு ஒதுக்கப்படவில்லை.

ஆகவே, வன்முறையை வரலாற்றின் உந்துவிசை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் சொல்வது, கொன்றவர்களுக்கும் மாற்றத்தில் பங்கு கொடுப்பதாகும். வன்முறை உடல்களை மட்டுமே விட்டுச்சென்றது. அவற்றை மறைக்க விடாமல், சாட்சியாக்கி, வழக்காக்கி, சட்டமாக்கியவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்களைக் கேளுங்கள்.