எவரும் வாங்காத ரிப்போர்ட்



சில ஆண்டுகளுக்கு முன், மும்பை தாராவியில் எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் இளம் சகோதரிக்கு 31ஆம் வாரத்திலேயே குழந்தை பிறந்தது. இன்குபேட்டர் பெட்டிக்குள் இருந்த பிள்ளைக்காக ஜெபிக்கச் சென்றபோது, தாயின் சிறுநீர்ப் பரிசோதனை முடிவு எங்கே என்று மருத்துவர் கேட்டார். சிறுநீர் கொடுத்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. தாளோ வாங்குவாரின்றி ஆய்வுக்கூடத்தில் கிடந்தது. கிருமி வளர்ந்திருப்பதாக அதில் எழுதியிருந்தது. "எனக்கு ஒரு நோவும் இல்லையே, ஐயா" என்று அச்சகோதரி அழுதார்.

நோவு தெரியாதிருப்பதே இதிலுள்ள ஆபத்து. கர்ப்பகாலத்தில் சிறுநீர்க் குழாய்கள் தளர்கின்றன; வளரும் கருப்பையும் அவற்றை அழுத்துகிறது. சிறுநீர் தேங்க, கிருமி பெருகுகிறது. எரிச்சலோ காய்ச்சலோ இன்றியே நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு இப்படி இருக்கக்கூடும். கவனியாமல் விட்டால் அது சிறுநீரகம்வரை ஏறலாம். தொற்றை எதிர்த்து உடல் எழுப்பும் அழற்சி, பிரசவ வலியைத் தூண்டும் பொருட்களையும் சுரக்கச் செய்கிறது. கருப்பைவாய் இளகுகிறது, பனிக்குடம் நலிகிறது, 37 வாரம் நிறையுமுன் பிள்ளை பிறந்துவிடக்கூடும்.

2020ஆம் ஆண்டில் இந்தியாவில் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் ஏறத்தாழ 30 இலட்சம். வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. எல்லாவற்றிற்கும் தொற்று காரணமன்று. இச்சகோதரியின் காரியத்திலும் மருத்துவர் அப்படி அறுதியிட்டுக் கூறவில்லை. ஆனால் சிறுநீர்க் கிருமி கண்டறியக்கூடியது, தீர்க்கக்கூடியது. கல்ச்சர் பரிசோதனையில் கிருமி தெரிந்தால், நோவு இல்லாவிட்டாலும், 7 நாள் ஆன்டிபயாட்டிக் கொடுக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது.

நான் அச்சகோதரிக்காக மாதந்தோறும் ஜெபித்தவன். ரிப்போர்ட் வாங்கியாயிற்றா என்று ஒருமுறையும் கேட்டதில்லை. மாத்திரை உண்பது விசுவாசக் குறைவு என்று மூப்பர் ஒருவர் சபையில் பேசிவந்ததும் எனக்குத் தெரியும். நான் அப்படிப் போதித்ததில்லை, அவரைத் திருத்தவுமில்லை. வைத்தியனாகிய லூக்காவைக் குறித்து எத்தனையோ முறை பிரசங்கித்த எனக்கு அது இன்றும் வெட்கமாயிருக்கிறது.

இதை வாசித்தவுடன் மருந்துக்கடைக்குச் சென்று தாமாகவே ஆன்டிபயாட்டிக் வாங்குவோரும் நம்மில் உண்டு. வேண்டாம். தொற்றின் அடையாளம் இன்றி, பனிக்குடம் உடையாமல், முன்கூட்டியே வலி கண்ட தாய்மாருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஆராய்ந்ததில் பயனில்லை என்று 2001இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கண்டது. அத்தாய்மாரின் பிள்ளைகளை பிரித்தானியாவில் ஏழு வயதில் சோதித்தபோது, மருந்து பெற்றோரின் பிள்ளைகளிடையே மூளை முடக்குவாதம் அதிகமாயிருந்ததென்று 2008இல் தெரியவந்தது. டெட்ராசைக்ளின் வகை மருந்து சிசுவின் பற்களைக் கறைப்படுத்தும். இடுப்பு வலிக்கென்று வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் 20 வாரத்திற்குப் பின் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவரே சொல்லட்டும். அவர் 7 நாள் என்றால் மூன்றாம் நாளில் நிறுத்தாதிருங்கள். முடிந்தபின் மறுபரிசோதனை வேண்டுமா என்றும் கேளுங்கள். குளிர்காய்ச்சலும் விலாப்பக்க வலியும் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

பொதுக் கழிப்பிட வரிசைக்கு அஞ்சித் தண்ணீர் குடியாதிருக்கும் சகோதரிகளை நான் அறிவேன். கணவன்மாரே, இரவானாலும் துணைக்குச் செல்லுங்கள். பிரசவத்திற்கு ஊருக்கு அனுப்பும்போது, நாகர்கோவில் இரயிலில் நீண்ட பயணம் கடக்கவேண்டுமே. தாய்சேய் அட்டையையும் எல்லா ரிப்போர்ட்டுகளையும் பெட்டிக்குள் அல்ல, கைப்பையில் வையுங்கள். ஊரிலுள்ள மருத்துவருக்கு வேறு எதுவும் தெரியாது. பணமில்லை என்போருக்கு, 2016இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் இலவசப் பரிசோதனை உண்டு.

அந்தப் பிள்ளை பிழைத்தது. இப்பொழுது பள்ளிக்குச் செல்கிறது. எங்கள் சபையில் கர்ப்பிணிகள் ஜெபத்திற்கு வந்தால், ரிப்போர்ட் என்றைக்கு வரும் என்று என் மனைவி முதலில் கேட்டு எழுதிக்கொள்கிறாள். வேலையால் வாங்க முடியாத குடும்பங்களுக்கு வாலிபர் இருவர் சென்று வாங்கி வருகிறார்கள்.