டிராகன் வந்தாச்சு... ஆனா, இந்த டர்ன்ல அடிக்க முடியாது!

விதிகள் அறிவோம்: மேஜிக் - தி கேதரிங்

அக்காவுக்கு மிச்சமிருப்பது வெறும் 5 உயிர்ப் புள்ளிகள். தம்பி தன்னிடமிருக்கும் 6 லேண்ட் கார்டுகளையும் பயன்படுத்தி ‘ஷிவன் டிராகன்’ கார்டைக் களத்தில் இறக்குகிறான். தாக்கும் பலம் 5. பறக்கும் டிராகன் என்பதால், அதைத் தடுக்க அக்காவிடம் எந்தக் கார்டும் இல்லை. ஒரே அடி, ஆட்டம் முடிந்தது என்று தம்பி துள்ளுகிறான்.

“டேய், இப்பதானே இறக்குன? இந்த டர்ன்ல அடிக்க முடியாதுடா.”

“கார்டுல அப்படி எதுவும் எழுதலையேக்கா!”

மேஜிக் விளையாடப் பழகும் வீடுகளில் இந்தச் சண்டை வராமல் இருக்காது. அக்கா சொல்வது சரி. கார்டில் எழுதவில்லை என்று தம்பி சொல்வதும் உண்மைதான். அந்த விதி கார்டில் இருக்காது, விதிப் புத்தகத்தில்தான் இருக்கும். அதற்கு ‘சம்மனிங் சிக்னெஸ்’ என்று செல்லப் பெயர். மந்திரம் போட்டு எங்கிருந்தோ வரவழைத்த உயிரினத்துக்கு, வந்து இறங்கியதும் கொஞ்சம் தலைசுற்றல் இருக்கும் என்பது கற்பனை. தெளிந்த பிறகுதான் அது சண்டைக்குப் போகும்.

ஆட்டம் இதுதான்

அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய மேஜிக் கார்டு விளையாட்டை, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. வழக்கமான ஆட்டத்தில் ஒவ்வொருவரும் குறைந்தது 60 கார்டுகள் கொண்ட டெக், 20 உயிர்ப் புள்ளிகள், கையில் 7 கார்டுகளுடன் தொடங்குவார்கள். எதிராளியின் உயிர்ப் புள்ளிகளைப் பூஜ்யமாக்கினால் வெற்றி.

லேண்ட் கார்டுகள் ‘மானா’ என்ற மந்திர சக்தியைத் தரும். அந்த மானாவைச் செலவழித்துத்தான் உயிரினங்களை, அதாவது ‘கிரியேச்சர்’களை இறக்க வேண்டும். ஒரு கார்டைப் பயன்படுத்திவிட்டோம் என்பதற்கு அடையாளமாக அதைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பார்கள். இதற்குப் பெயர் ‘டேப்’. உங்கள் அடுத்த டர்ன் தொடங்கும்போது எல்லாவற்றையும் மறுபடி நிமிர்த்தி வைக்கலாம்.

விதி சொல்வது என்ன?

விதிப் புத்தகத்தில் இதன் எண் 302.6. ஒரு கிரியேச்சர் உங்களுடைய மிகச் சமீபத்திய டர்ன் தொடங்கியதிலிருந்து இடைவிடாமல் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் அதற்கு இரண்டு தடைகள்.

ஒன்று, அது தாக்கப் போக முடியாது. இரண்டு, டேப் குறியீட்டை விலையாகக் கேட்கும் அதன் திறனைப் பயன்படுத்த முடியாது. தன்னை டேப் செய்து ஒரு பச்சை மானா தரும் ‘லானோவர் எல்வ்ஸ்’ இதற்கு நல்ல உதாரணம். இறக்கிய டர்னில் அதனிடமிருந்து மானா கிடைக்காது.

‘ஒரு டர்ன் காத்திருக்கணும்’ என்று பலர் சுருக்கமாக மனப்பாடம் செய்கிறார்கள். அதைவிட ஒரு கேள்வியை நினைவில் வைப்பது நல்லது: ‘என் டர்ன் ஆரம்பித்தபோது இது என்னிடம் இருந்ததா?’ இருந்து, நடுவில் எங்கும் போகாமல் இருந்தால் தாக்கலாம். பெரும்பாலான சந்தேகங்கள் இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

புதுசா வந்தாலும் இதெல்லாம் செய்யலாம்

புதிதாக வந்த கிரியேச்சர் கைகட்டி நிற்க வேண்டும் என்று நினைத்துப் பலர் தோற்கிறார்கள். முதலில், அது தாராளமாகத் தடுக்கலாம். அடுத்து எதிராளி தாக்கும்போது, இப்போது வந்த டிராகனைக் குறுக்கே நிறுத்தத் தடையே இல்லை.

டேப் குறியீடு கேட்காத திறன்களையும் பயன்படுத்தலாம். ஒரு சிவப்பு மானா கொடுத்தால் ஷிவன் டிராகனின் தாக்கும் பலம் அந்த டர்ன் முடியும்வரை 1 கூடும். இதற்கு டிராகனை டேப் செய்யத் தேவையில்லை. மானா மிச்சமிருந்தால், வந்த டர்னிலேயே இதைச் செய்யலாம். களத்தில் இறங்கியதும் தானாக நடக்கும் விளைவுகளுக்கும் தடையில்லை.

கொஞ்சம் நுணுக்கமான இடம் ஒன்று. ‘கான்வோக்’ திறன் உள்ள கார்டை இறக்க, உங்கள் கிரியேச்சர்களை டேப் செய்து செலவை ஈடுகட்டலாம். ‘வெஹிக்கிள்’ கார்டுகளை ஓட்டவும் கிரியேச்சர்களை டேப் செய்யலாம். இந்த இரண்டுக்கும் இப்போதுதான் வந்த கிரியேச்சரையும் பயன்படுத்தலாம். காரணம், டேப் செய்யச் சொல்வது அந்தக் கிரியேச்சரின் சொந்தத் திறனில் உள்ள டேப் குறியீடு இல்லை, வேறொரு கார்டு. விதி தடுப்பது முதல் வகையை மட்டும்தான்.

சண்டை வரும் 4 இடங்கள்

1. எதிராளியின் கிரியேச்சரைப் பறித்தால்? அவரிடம் அது பத்து டர்ன்களாக இருந்திருக்கலாம். உங்களுக்கு அது புதுசுதான். உடனே தாக்க முடியாது. அதனால்தான் ‘ஆக்ட் ஆஃப் டிரீசன்’ போன்ற கார்டுகள், கிரியேச்சரைப் பறித்துக் கொடுக்கும்போதே ‘ஹேஸ்ட்’ என்ற விலக்கையும் சேர்த்துக் கொடுக்கின்றன.

2. களத்தைவிட்டுப் போய்த் திரும்பி வந்தால்? அதே கார்டாக இருந்தாலும், விதிப்படி அது புது வரவு. மறுபடியும் காத்திருக்க வேண்டும்.

3. ‘சோல் ரிங்’ மாதிரியான பொருள்கள்? அது கிரியேச்சர் இல்லை. இறக்கிய உடனே டேப் செய்து மானா எடுக்கலாம்.

4. கிரியேச்சராக மாறும் லேண்ட்? ‘மிஷ்ராஸ் ஃபேக்டரி’ என்ற லேண்ட், ஒரு மானா கொடுத்தால் அந்த டர்ன் முடியும்வரை கிரியேச்சராக மாறும். போன டர்னில் வைத்த ஃபேக்டரி என்றால் மாறிய உடனே தாக்கலாம். இந்த டர்னில் வைத்தது என்றால் தாக்க முடியாது. அது கிரியேச்சராக இருக்கும்வரை அதை டேப் செய்து மானாவும் எடுக்க முடியாது. எப்போது கிரியேச்சராக மாறியது என்பதைவிட, எப்போது உங்களிடம் வந்தது என்பதுதான் கணக்கு.

எதற்கு இந்தத் தடை?

லானோவர் எல்வ்ஸை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். அதை இறக்க ஒரு பச்சை மானா போதும். அது தருவதும் ஒரு பச்சை மானா. இந்த விதி இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் டர்னில் ஒரு லேண்ட், அதிலிருந்து முதல் எல்வ்ஸ். அதை டேப் செய்தால் இரண்டாவது எல்வ்ஸ், அதிலிருந்து மூன்றாவது, அப்புறம் நான்காவது. ஒரு டெக்கில் ஒரே கார்டு நான்கு வரை வைக்கலாம். நான்கும் கைக்கு வந்துவிட்டால், ஒரு லேண்டின் செலவில் நான்கு கிரியேச்சர்கள்! அடுத்த டர்னில் இன்னொரு லேண்ட் வைத்தால் மொத்தம் 6 மானா. அதாவது, ஷிவன் டிராகன் அளவு செலவாகும் கார்டு இரண்டாவது டர்னிலேயே வந்துவிடும்.

விதி இருப்பதால் என்ன ஆகிறது? முதல் டர்னில் ஒரே ஒரு எல்வ்ஸ். இரண்டாவது டர்னில் 2 லேண்ட், ஒரு எல்வ்ஸ் என 3 மானா. எதிராளியைவிட ஒரு படி முன்னால். அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமானது, எதிராளிக்குக் கிடைக்கும் அந்த ஒரு டர்ன். அக்காவின் நிலையைப் பாருங்கள். டிராகன் உடனே அடித்தால் அவளுக்குச் செய்ய எதுவுமே இல்லை. காத்திருக்க வேண்டும் என்பதால், அவளுக்கு ஒரு புதிய கார்டு எடுக்கும் வாய்ப்பும், லேண்டுகளை நிமிர்த்திப் பயன்படுத்தும் வாய்ப்பும் கிடைக்கின்றன. டிராகனை அழிக்கும் மந்திரத்தைத் தேடலாம், தடுக்க ஆள் நிறுத்தலாம், முந்திக்கொண்டு தம்பியைத் தாக்கலாம். தோற்றாலும், பதில் சொல்ல வாய்ப்புக் கிடைத்துத்தான் தோற்கிறாள். வந்த கிரியேச்சரைத் தாக்கவிடாத விதி, தடுப்பதற்கு மட்டும் அனுமதிப்பதும் இந்தச் சமநிலைக்காகத்தான். பின்தங்கி இருப்பவர் இறக்கும் கார்டு, அந்த நொடியிலிருந்தே அவருக்குக் கவசமாகிறது.

காத்திருக்காத வேகக்காரர்கள்

‘ஹேஸ்ட்’ உள்ள கிரியேச்சர்களுக்கு இந்தத் தடை கிடையாது. 1994-ல் வந்த ‘பால் லைட்னிங்’ பிரபலமான உதாரணம். 3 சிவப்பு மானாவுக்கு, தாக்கும் பலம் 6. வந்த உடனே அடிக்கலாம். ஆனால், அந்த டர்ன் முடிந்ததும் அது களத்தைவிட்டே போய்விடும். இவ்வளவு வேகத்துக்கு அதுதான் விலை.

இன்னொரு வழி ‘ஃபிளாஷ்’. இந்தத் திறன் உள்ள கிரியேச்சரை எதிராளியின் டர்னிலும் இறக்கலாம். அவருடைய டர்ன் முடியும் தறுவாயில் இறக்கினால், அடுத்து தொடங்குவது உங்கள் டர்ன். அப்போது அது ஏற்கெனவே உங்களிடம் இருப்பதால் நேராகத் தாக்கப் போகலாம்! விதி மீறப்படவில்லை, எதிராளிக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம்தான் குறைகிறது.

மற்ற கேம்களில் எப்படி?

2014-ல் வெளியான ‘ஹார்த்ஸ்டோன்’ டிஜிட்டல் கேமிலும், புதிதாக வந்த ‘மினியன்’ அந்த டர்னில் தாக்காது, தூங்கும். ‘சார்ஜ்’ திறன் இருந்தால் யாரையும் உடனே தாக்கலாம். பின்னர் 2018-ல் வந்த ‘ரஷ்’ திறனோ, வந்த டர்னில் எதிரி மினியன்களை மட்டும் தாக்க அனுமதிக்கிறது. எதிராளியின் ஹீரோவைத் தொட முடியாது.

‘யு-கி-ஓ’வில் கதையே வேறு. வரவழைத்த மான்ஸ்டர் அதே டர்னில் தாக்கலாம். ஆனால், ஆட்டத்தை முதலில் தொடங்குபவர் தன் முதல் டர்னில் தாக்க முடியாது. குழந்தைகளுக்குப் பிடித்த போக்கிமான் கார்டு கேமில், இறக்கிய டர்னிலேயே ஒரு போக்கிமானை அடுத்த நிலைக்கு வளர்க்க முடியாது. விதிகள் வேறு வேறு என்றாலும், எதிராளி கண்விழிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடக் கூடாது என்ற அக்கறை எல்லாவற்றிலும் இருக்கிறது.

மேஜையில் விளையாடும்போது...

2021 முதல் மொபைலிலும் கிடைக்கும் ‘மேஜிக் அரீனா’வில் விளையாடினால் இந்தத் தலைவலி இல்லை. எது தாக்கலாம், எது கூடாது என்பதை கேமே பார்த்துக்கொள்ளும். மேஜையில் விளையாடும்போது நினைவில் வைக்க வேண்டியது நீங்கள்தான். இந்த டர்னில் இறக்கிய கிரியேச்சர்களை மற்றவற்றோடு கலக்காமல், சற்றுத் தள்ளி வையுங்கள். அடுத்த டர்னில் கார்டுகளை நிமிர்த்தும்போது அவற்றையும் வரிசையில் சேர்த்துவிடுங்கள். வரிசையில் நிற்பவை தாக்கலாம், தள்ளி நிற்பவை தடுக்க மட்டும் செய்யலாம். இந்தப் பழக்கம் வந்துவிட்டால், ‘இது எப்ப வந்தது?’ என்ற சண்டைக்கு இடமே இருக்காது.