ஓதம்போல் வந்து செல்வோம்

அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்து பிறப்பு விடுமுறை தொடங்கியதும் நம் இல்லங்களில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இம்முறை எங்களை எங்கே அழைத்துச் செல்லப் போகிறீர்கள்?" மலையடிவாரத்தில் வாழும் திருவண்ணாமலைப் பிள்ளைகளுக்கு நீர்நிலை என்றாலே தனி ஆவல். சாத்தனூர் அணையை அவர்கள் பலமுறை கண்டிருப்பார்கள். வேளாங்கண்ணிக்குச் செல்லுங்கால் கடலையும் கண்டிருப்பார்கள். ஆயினும், ஆறும் கடலும் கலக்கும் கழிமுகத்தையும், அதன் நடுவே மிதப்பனபோல் தோன்றும் பசுந்தீவுகளையும் படகில் அமர்ந்து கண்டவர்கள் நம்மிடையே சிலரே. அத்தகைய ஓரிடத்துக்கு அரைநாள் படகுப் பயணம் சென்று வருமாறு இம்மாதம் நம் குடும்பங்களை அழைக்கின்றோம். அழைப்போடு ஒரு வேண்டுகோளும் உண்டு. அதனை இறுதியில் சொல்வோம்.

நாம் குறிப்பிடும் இடம் பிச்சாவரம். சிதம்பரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலை ஒட்டி அமைந்துள்ளது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இவ்விரண்டின் கழிமுகங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் நீரும் காடுமாய் விரிந்து கிடக்கின்றது. சிறியதும் பெரியதுமாக 50-க்கு மேற்பட்ட திட்டுகள். அவற்றைச் சுற்றிக் கணக்கற்ற வாய்க்கால்கள். இந்தியாவும் வங்காள தேசமும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் சுந்தரவனம் ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதனோடு ஒப்பிட்டால் பிச்சாவரம் ஒரு சிறு தோட்டமே. ஆனால் பிள்ளைகளின் கண்ணுக்கு அதுவே ஒரு தனி உலகம்.

திருவண்ணாமலையிலிருந்து விழுப்புரம் வழியாகச் சிதம்பரத்துக்குச் சாலையும் உண்டு, இருப்புப்பாதையும் உண்டு. வைகறையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் படகுத் துறையை அடையலாம். அங்கே சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் துடுப்புப் படகுகளும் இயந்திரப் படகுகளும் இருக்கின்றன. இயலுமாயின் துடுப்புப் படகையே தேர்ந்தெடுங்கள். இயந்திரப் படகு அகன்ற நீர்ப்பரப்பில் விரைந்து செல்லும். ஆனால் குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையவல்லது துடுப்புப் படகே. அதன் துடுப்பை வலிப்பவர் ஓர் உழைப்பாளி. அவர் கைவலியின் பயன் அவர் குடும்பத்தைச் சேரும். காட்டின் மௌனமும் கலையாது.

துறையை விட்டு நீங்கியதும் முதலில் அகன்ற நீர்ப்பரப்பு. சற்று நேரத்தில் படகு ஒரு பக்கமாய்த் திரும்பி ஒடுங்கிய வாய்க்காலுக்குள் புகும். இருபுறத்து மரங்களும் தலைக்கு மேலே கிளை கோத்துக் கூரை வேய்ந்திருக்கும். வெயில் மறைந்து குளிர்ச்சி சூழும். பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்துவார்கள். நீரில் துடுப்பு விழும் ஓசையும், எங்கோ ஒரு பறவையின் குரலும் மட்டுமே கேட்கும். சேற்றில் நண்டுகள் ஓடி ஒளியும். மரக்கொம்பில் மீன்கொத்தி காத்திருக்கும். கொக்கும் நாரையும் ஆழமற்ற நீரில் அசையாது நிற்கும். 1975-ஆம் ஆண்டு வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படத்தில் இக்காட்டைக் கண்ட பெரியவர்கள் நம்மிடையே இருப்பார்கள். திரையில் கண்டதைவிட நேரில் காண்பது பன்மடங்கு இனிது.

பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்ட வேண்டியவை மரங்களே. உப்பு நீரில் மரம் வளருமா என்று அவர்கள் வியப்பார்கள். இங்கே வளர்கின்றது. சுரபுன்னை மரம் தன் தண்டிலிருந்து பல வேர்களை வளைத்து நீருக்குள் இறக்கி, ஊன்றுகோல்கள்போல் நிறுத்தித் தன்னைத் தாங்கிக்கொள்ளும். வெண்கண்டல் மரம் வேறு வழியைக் கண்டிருக்கின்றது. சேற்றினுள் காற்றில்லை, ஆகவே அதன் வேர்கள் விரல்கள்போல் மேல்நோக்கி நீண்டு சேற்றுக்கு வெளியே மூச்சு வாங்கும். உறிஞ்சிய உப்பை அதன் இலைகள் வெளியேற்றிவிடும். எல்லாவற்றினும் வியப்பானது சுரபுன்னையின் வித்து. அது தாய்மரத்தை விட்டு விழுவதற்கு முன்னரே, கிளையில் தொங்கியபடியே முளைவிட்டு, ஒரு நீண்ட காய்போல் வளர்ந்து நிற்கும். சேற்றில் ஊன்றி நிற்கும் வலிமை பெற்ற பிறகே தாயை விட்டுப் பிரியும். பிள்ளைகளைக் கல்லூரிக்கும் வேலைக்கும் வெளியூர் அனுப்பும் பெற்றோர் இக்காட்சியின் முன் சற்று நேரம் படகை நிறுத்தச் சொல்லலாம்.

தில்லை என்னும் மரமும் இக்காட்டில் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்தது இம்மரமே. நம் இந்து சகோதரர்கள் ஐம்பூதத் தலங்கள் எனப் போற்றுவனவற்றுள் திருவண்ணாமலை நெருப்புக்குரியது, சிதம்பரம் ஆகாயத்துக்குரியது. அந்த ஆகாயத் தலத்தின் மரத்தைக் காண இன்று கடலோரச் சேற்றுக்கு வரவேண்டியிருக்கின்றது. தில்லையின் பால் பட்டால் தோல் கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. ஆகவே படகிலிருந்தபடி கிளைகளை ஒடிக்கவேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இத்துணை அழகிய காடு ஒருகாலத்தில் அழிவின் விளிம்பில் நின்றது என்பதைப் பலர் அறியார். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் தொடங்கி 1970-கள் வரை, காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறாக மரங்களை முற்றிலும் வெட்டி எடுத்தனர். சில ஆண்டுகளில் தானாக மீண்டும் தழைத்துவிடும் என்பது எண்ணம். ஆனால் தழைக்கவில்லை. ஏன்?

இக்காட்டை வாழ்விப்பது ஓதம். கடல்நீர் நாள்தோறும் ஏறி வந்து காட்டை நனைத்து, மீண்டும் வற்றிச் செல்வதைத்தான் ஓதம் என்கிறோம். மரங்கள் வெட்டப்பட்ட இடத்தில் வெயில் நேரே விழுந்து சேறு காய்ந்தது. தரை தாழ்ந்து பள்ளமாயிற்று. ஏறி வந்த நீர் அப்பள்ளத்தில் தேங்கியது. திரும்பிச் செல்ல வழியில்லை. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கியது. மீண்டும் நீர் வந்தது. மீண்டும் உப்பு மிஞ்சியது. இவ்வாறு ஆண்டுக்காண்டு உப்பு மிகுந்து, உப்பைத் தாங்கும் மரங்களே தாங்க இயலாத பாழ்நிலமாயிற்று.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இதன் காரணத்தை ஆராய்ந்து அறிந்தன. பின்னர் சுற்றியுள்ள சிற்றூர் மக்களோடு சேர்ந்து ஓர் எளிய பரிகாரம் செய்தன. பாழ்நிலத்தின் நடுவே ஒரு முதன்மை வாய்க்கால். அதன் இருமருங்கும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள்போல் இருக்கும். நீர் வந்தது, திரும்பிச் சென்றது, செல்லும்போது உப்பையும் கழுவிக்கொண்டு சென்றது. கரையோரத்தில் நட்ட கண்டற் கன்றுகள் தழைத்தன. பாழ்நிலம் மீண்டும் காடாயிற்று. அக்காடு 2022-ஆம் ஆண்டு, உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது.

வந்த நீர் திரும்பிச் சென்றதால் காடு பிழைத்தது என்பதை நாம் மனத்தில் கொள்ளவேண்டும். வீட்டிலும் அவ்வாறே அன்றோ? உள்ளத்தில் தேங்கிய மனத்தாங்கல் வெளியேற வழியின்றி நாளடைவில் கரிக்கத் தொடங்கும். ஒரு சிறு வாய்க்கால், ஒரு நல்ல சொல், அதனைக் கழுவிவிடும்.

இக்காட்டுக்கு 'அலையாத்தி' என்றும் பெயர். அலையை ஆற்றுவது என்று பொருள். அப்பெயரின் பொருளை நாம் கண்ணீரோடு உணர்ந்த நாள் 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை எழுந்து வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்குச் சென்ற திருப்பயணிகள் பலர் அவர்களுள் அடங்குவர். பிச்சாவரத்தை அடுத்த பகுதியில், கடலை ஒட்டிய மணல்மேட்டுக் குப்பங்கள் பெரும் அழிவுக்கு உள்ளாயின. காட்டுக்குப் பின்னே இருந்த ஊர்களில் இழப்பு குறைவு. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டைக் கரையோரத்து 18 குப்பங்களை ஆராய்ந்து 2005-இல் இதனை எழுதினர். கடலிலிருந்து இருந்த தொலைவும் நிலத்தின் உயரமுமே பெரும் பங்கு வகித்தன என்று பின்னர் வேறு சிலர் மறுத்தும் எழுதினர். காடு மட்டுமே காத்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அலைக்கும் குடிசைக்கும் இடையே நிற்பதற்கு ஒரு காடு இருப்பது வீண் அன்று என்பதை அவ்வூர் மக்கள் அறிவார்கள். அவர்களுள் ஆழமற்ற நீரில் கையால் துழாவி இறால் பிடித்து வாழும் இருளர் குடும்பங்களும் உண்டு. நமக்கு அரைநாள் உல்லாசம் தரும் காடு அவர்களுக்கு உணவும் அரணும் ஆகும்.

இப்பொழுது நம் வேண்டுகோளைச் சொல்வோம்.

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு விருந்தினர் என்றால் யார் என்பது நன்றாகத் தெரியும். பௌர்ணமிதோறும், கார்த்திகை தீபத்தன்றும், மலையைச் சுற்றிவர இலட்சக்கணக்கான மக்கள் நம் ஊருக்கு வருகின்றனர். அவர்களது பக்தியை மதிக்கின்றோம். அவர்களால் பிழைக்கும் குடும்பங்களும் பல. ஆயினும் மறுநாட்காலை 14 கிலோமீட்டர் பாதை நெடுகிலும் சிதறிக் கிடப்பவற்றை நாம் கண்டிருக்கின்றோம். அவற்றைக் குனிந்து பொறுக்கும் துப்புரவுத் தொழிலாளரையும் கண்டிருக்கின்றோம். நம் திருவிழாக்கள் முடிந்த மறுநாளும் வேறல்ல. வருபவர் விட்டுச் செல்வது யாது என்பதை நாள்தோறும் காணும் ஊரார் நாம். அவ்வாறிருக்க, நாம் பிறர் ஊருக்கு விருந்தினராய்ச் செல்லும்போது எவ்வாறு நடந்துகொள்கின்றோம்?

வாய்க்காலில் வீசப்படும் ஒரு நெகிழிப் பை நீரோடு கடலுக்குப் போய்விடும் என்று எண்ணவேண்டாம். சுரபுன்னையின் வளைந்த வேர்களில் சிக்கி அங்கேயே தங்கும். மூச்சு வேர்களின்மேல் படிந்தால் மரத்தின் மூச்சை அடைக்கும். வாய்க்கால் அடைபட்டால் ஓதம் தடைபடும். ஓதம் தடைபட்டால் என்ன நேரும் என்பதை மேலே கண்டோம். ஒரு தலைமுறை கோடரியால் செய்த தீங்கை மற்றொரு தலைமுறை தின்பண்ட உறைகளால் செய்யவேண்டுமா?

ஆகவே, அன்புக் குடும்பத்தினரே, புறப்படும் முன்னரே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள். கட்டுச்சோற்றை வாழையிலையிலோ தூக்குப் பாத்திரத்திலோ எடுத்துச் செல்லுங்கள். உண்பதைக் கரையில் முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீரை வீட்டுக் குவளையிலேயே கொண்டு செல்லுங்கள். கொண்டு சென்ற பையைத் திரும்பக் கொண்டுவரும் பொறுப்பை வீட்டின் கடைக்குட்டியிடம் ஒப்படையுங்கள். பெரியவர்களைவிட அவனே அதைக் கண்ணும் கருத்துமாய்ச் செய்வான். படகில் மிதவைச் சட்டையை எல்லோரும் அணியுங்கள். நீர் பல இடங்களில் ஓராள் ஆழமும் இல்லை என்றாலும் சேற்றை நம்பலாகாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் மிகுதி. ஆயினும் மழையும் புயலும் உள்ள நாள்களில் செல்லவேண்டாம். படகோட்டியிடம் பேச்சுக் கொடுங்கள். "ஐயா, இக்காட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பிள்ளைகளைக் கேட்கச் செய்யுங்கள். நாம் இங்கே எழுதியதைவிட மேலானவற்றை அவர் சொல்லக்கூடும்.

ஓதம் நாள்தோறும் காட்டுக்குள் வருகின்றது, உணவைக் கொணர்கின்றது, கழிவை எடுத்துக்கொண்டு அமைதியாகத் திரும்பிச் செல்கின்றது. அது விருந்தினருக்கு நல்ல இலக்கணம். இவ்விடுமுறையில் பிச்சாவரம் செல்லும் நம் குடும்பங்கள் படகோட்டிக்கு உரிய கூலியையும் ஓர் இன்சொல்லையும் கொடுத்துவிட்டு, தம் குப்பையைத் தம்மோடு எடுத்துக்கொண்டு வீடு திரும்பட்டும். படைப்பின் அழகைக் கண்ட மகிழ்ச்சி அவர்களோடு வரட்டும்; காடு அங்கேயே, இருந்தபடி இருக்கட்டும்.