புளிக்கவைக்கும் கலை

வீட்டிலேயே பீர் தயாரிப்பது மேனாட்டார் பலர்க்கு இனிய பொழுதுபோக்கு. இங்கிலாந்து 1963இலும் அமெரிக்கா 1978இலும் அதற்குச் சட்டப்படி வழிவிட்டன. டில்லியிலோ, 2009ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி, உரிமமின்றிச் செய்தால் சிறை. மாதச் சம்பளத்தை நம்பிக் குடியேறிய நமக்கு அவ்விளையாட்டு வேண்டா.

அண்டைவீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் 'காஞ்சி' கற்கலாம். (நம் கஞ்சியன்று, காஞ்சிபுரமும் அன்று!) குளிர்காலக் கருங்காரட்டை நறுக்கி, கடுகுப்பொடி, உப்பு, மிளகாய்த்தூள், நீருடன் பீங்கான் ஜாடியிலிட்டு, துணியால் வாய்கட்டி, நான்கைந்து நாள் வெயிலில் வைக்க வேண்டும். நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறுக. நீர் செந்நிறமாகிப் புளிப்பேறும். பீரைப் புளிக்கவைப்பது ஈஸ்ட். இதனை, நம் நீராகாரத்தைப் போலவே, லாக்டிக் அமில நுண்ணுயிர்கள். பூஞ்சை படர்ந்தால் தயங்காமல் கொட்டிவிடுக. பக்குவமானதைக் குழந்தைகளும் பருகலாம். கடுகின் காரத்திற்கு அவர்கள் முகஞ்சுளிப்பது வேறு செய்தி.