தேனீக்கும் இரவற் பெயரா?

காவிரி பாயும் தஞ்சை மண்ணில் உழவன் பெயரிடாத உயிர் உண்டா? வேலியோரத்துக் கிளையில் உள்ளங்கையளவே அடை கட்டி வாழ்வதைக் கொம்புத்தேனீ என்றான். உயர்ந்த மரங்களிலும் கோபுரங்களிலும் முறம்போற் பேரடை தொங்கவிடுவதை மலைத்தேனீ என்றான். இரண்டும் நெருங்கிய உறவின. இரண்டும் பொந்து தேடா; வெட்டவெளியில் ஒற்றையடையே கட்டும். வாழிடவேறுபாட்டைப் பெயரே சொல்லிற்று.

கற்றார் செய்ததென்ன? ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்துப் 'பாறைத்தேனீ' என்றனர். கல்லே காணா வண்டல் நிலத்திற் பாறைத்தேனீயாம்! செய்தித்தாள்களோ 'இராட்சதத் தேனீ' என்கின்றன. மலையில்லா நாட்டில் மலைத்தேனீ மட்டும் பொருந்துமோ எனக் குறுக்கே கேட்பாருளர். பொருந்தும். மலைக்கும் தாழ்நிலத்திற்குமாகப் பருவந்தோறும் பெயரும் இயல்பினது அது.

தரங்கம்பாடியில் 1620-இற் கோட்டை கட்டி 1845-இல் விற்றுச் சென்றவர் தென்மார்க்கு நாட்டார். அங்கிருந்து சென்ற பூச்சிகள் பலவற்றை ஆய்ந்த பேபிரிசியசு என்பாரே 1787-இற் கொம்புத்தேனீக்கு ஏபிசு புளோரியா என்றும், 1793-இல் மலைத்தேனீக்கு ஏபிசு தோர்சாட்டா என்றும் இலத்தீனிற் பெயரிட்டார். அவை அறிவியலார்க்கு உலகப் பொதுப்பெயர்கள், அவற்றைப் பழிப்பாரிலர். ஆயின், அவற்றை நெட்டுருப்போடும் மாணவன் தன் வேலியிலுள்ள தேனீயை அறியானாயின் அக்கல்வி எற்றுக்கு?

அறியத்தக்கன பல. கொம்புத்தேனீ, எறும்பு ஏறாவண்ணம் அடையின் இருபுறத்தும் கிளையிற் பிசின் பூசும். கிளையைத் தழுவிய அடையின் முகட்டில், கிடைத்தளத்தில் ஆடிப் பூவுள்ள திசையை நேரே காட்டும். இடம் பெயருங்கால் பழைய மெழுகையும் சுரண்டிச் செல்லும் சிக்கனம் அதற்குண்டு! மலைத்தேனீ தொங்கும் அடையின் செங்குத்து முகத்திலேயே ஆடும். அதற்குப் பிசின் அரணில்லை. தேனீக்களின் உடல்களே அடைக்குப் போர்வை. பகை நெருங்கின், அலையலையாய் வயிறு தூக்கி மினுக்கும். மீறின் துரத்திக் கொட்டும்.

கதண்டோ குளவியினம். அதனையும் இவற்றையும் 'விசவண்டு' என்னும் ஒரே சொல்லில் அடைத்தபின் தீப்பந்தத்திற்கு வேற்றுமை தெரியுமா? எளிதிற் கொட்டாத கொம்புத்தேனீயும் அதில் வேகும். நெல் தன் பூந்தாதாலேயே கருக்கொள்ளும்; எள்ளுக்கும் தென்னைக்கும் தேனீ துணைவேண்டும். குறுவையும் சம்பாவுமே கணக்கிடுவார் இதனை எண்ணுவதில்லை.

ஆசிரியன்மார் மாணவரை வேலியோரம் அழைத்துச் சென்று காட்டுக. பாடநூலில் 'பாறைத்தேனீ' எனக் காணின் அடித்து மலைத்தேனீ என எழுதச்செய்க. 'இராட்சத'த்தை அச்சிடும் தாளுக்கு அன்றே மடல் விடுக்க.