மானிட்டர்: விலை கூடினால் கண்ணுக்கு நல்லதா?

"ஏனுங்க, கண்ணைக் கெடுக்காத மானிட்டரா ஒண்ணு குடுங்க!"

பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்கித்தர நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கமிருந்து சேலத்துக் கடைகளுக்கு வருகிற பெற்றோர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கடைக்காரர் லேசுப்பட்டவரா? எட்டாயிரம் ரூபாய் மானிட்டரை ஓரமாக நகர்த்திவிட்டு, முப்பதாயிரத்தைத் தொடுகிற ஒன்றைக் காட்டுவார். "இதுல ஐ கேர் இருக்குங்க. பையன் ராத்திரி பூரா உட்கார்ந்தாலும் கண்ணு வலிக்காது!" பிள்ளையின் கண் என்று வந்துவிட்டால் எந்த அம்மா பேரம் பேசுவாள்?

பேசுங்கள் என்கிறேன் நான். வீட்டில் படிக்க, எழுத, கணக்குப் பார்க்க என்றால் விலை குறைந்த மானிட்டரே தாராளமாகப் போதும்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 1990-களில் கம்ப்யூட்டர் என்றால் பின்பக்கம் பானை மாதிரி பிதுங்கிய டியூப் மானிட்டர். செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.ஸி. ரூமுக்குள் போனால், திரைக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்று தொங்கும். அந்த டியூப், நொடிக்கு 60 தடவை மங்கி மங்கி எரிந்தது. அந்த மினுக்கல் பலருடைய கண்ணை உறுத்தத்தான் செய்தது. இன்றைய எல்.இ.டி. மானிட்டரில் படம் அப்படி மினுக்குவதில்லை. 60 ஹெர்ட்ஸா, 144 ஹெர்ட்ஸா என்பதெல்லாம் கேம் ஆடுகிறவர் கவலை.

அப்புறம் ஏன் கண் எரிகிறது? நாம் இமைக்க மறந்துவிடுகிறோம்! சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 தடவை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது இது ஐந்து, ஏழு என்று இறங்கிவிடும். கண்ணீர்ப் படலம் காய்ந்து, மணல் விழுந்த மாதிரி உறுத்தும். அதிலும் நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு டேபிள் ஃபேனை நேரே முகத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். எட்டாயிரம் ரூபாய் மானிட்டர் என்றாலும், எண்பதாயிரம் ரூபாய் மானிட்டர் என்றாலும் இதே கதைதான். ஃபேனைப் பக்கவாட்டில் வையுங்கள். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால் இருக்கிற வேப்பமரத்தையோ, எதிர்வீட்டு மொட்டை மாடியையோ 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். காசே இல்லாத வைத்தியம்!

நீல ஒளி என்று இன்னொரு பூச்சாண்டி. நீல ஒளியைத் தடுக்கும் மூக்குக்கண்ணாடிகள் பற்றிய 17 ஆய்வுகளை அலசி, காக்ரேன் அமைப்பு 2023-ல் அறிக்கை தந்தது. திரை பார்ப்பதால் வரும் கண் அயர்ச்சியை அவை குறைப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் அதன் சாரம். மானிட்டர் பெட்டி மேல் நீல ஒளி குறைவு என்று ஒட்டியிருப்பதற்காக ஆயிரக்கணக்கில் அதிகம் கொடுப்பானேன்? அந்த ஸ்டிக்கர் இப்போது விலை குறைந்தவற்றிலும் வருகிறது.

ஆனால், மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டும் வாங்கிவிடாதீர்கள். சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைத்தால் வேகமாக அணைந்து எரியும். சிலருக்கு அதில் தலைவலி வரும். கடையிலேயே சோதிக்கலாம். திரையை வெள்ளையாக்கி, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, முன்னால் ஒரு பென்சிலை விசிறி மாதிரி வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் வேறு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். திரை பளபளவென்று முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்கவும் கூடாது. மேற்கு ஜன்னல் வெளிச்சம் அப்படியே அதில் தெரியும்.

அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை 24 அங்குலத்தில் இருந்தால், அங்குலத்துக்கு 92 புள்ளிகள். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82தான். "பெருசா இருக்கே!" என்று வாங்குவீர்கள், எழுத்தோ கொரகொரவென்று இருக்கும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று சுழி சுழியாக எழுதுகிற நமக்கு இது ரொம்பவே தெரியும். பட்ஜெட் என்றால் 24-ஐத் தாண்டாதீர்கள்.

விலை கூடியது யாருக்குத் தேவை? இளம்பிள்ளையில் சேலை டிசைன் போடுகிறவருக்கு. திரையில் பார்த்த மயில் கழுத்து நிறம் தறியில் வேறு மாதிரி வந்தால் நஷ்டம் அவருக்குத்தானே! நாள் பூரா தமிழ் டைப் அடிக்கிற டி.டி.பி. சென்டர்காரருக்கும் கூர்மையான எழுத்து பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். அவர்கள் தாராளமாகச் செலவழிக்கலாம்.

மற்றவர்கள் மிச்சமான பணத்தில் முதலில் பிள்ளையைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். "தலை வலிக்குதும்மா" என்றால் மானிட்டரைத் திட்டுகிறோமே தவிர, அவன் கண்ணில் பவர் இருக்குமோ என்று யோசிப்பதில்லை. பிறந்ததிலிருந்தே மங்கலாகப் பார்க்கிற பிள்ளைக்கு அது மங்கல் என்றே தெரியாது! 2009-ல் வந்த கண்ணொளி காப்போம் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் கிடைக்க வழி பிறந்தது. மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகளை நாம்தான் அழைத்துப்போக வேண்டும். சின்னவர்கள் வீட்டில் இருந்தால் வெயில் வெளிச்சத்தில் விளையாடவும் விடுங்கள். தைவானில் 2010 முதல், தினமும் 120 நிமிஷம் பிள்ளைகளை வெளியே விடச் சொல்லிப் பள்ளிகளை முடுக்கினார்கள். வருஷா வருஷம் ஏறிக்கொண்டிருந்த பார்வைக் குறை அதன்பின் இறங்க ஆரம்பித்தது.

அடுத்தது உயரம். மலிவு மானிட்டரின் ஸ்டாண்ட் பெரும்பாலும் முன்னும் பின்னும் சாயுமே தவிர ஏறி இறங்காது. அதற்காக முப்பதாயிரமா? ஆசாரியிடம் சொன்னால் ஒரு மணைப்பலகை செய்து தருவார். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ, கொஞ்சம் கீழேயோ இருக்கட்டும். தூரம் ஒரு கை நீளம். நாற்பத்தைந்தைத் தாண்டி பைஃபோகல் போட்ட அப்பா அதே திரையில் கணக்குப் பார்க்கிறாரா? அவர் உட்காரும்போது பலகையை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கீழ்க் கண்ணாடி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

வாங்கும்போது கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கறுப்புத் திரையிலும் வெள்ளைத் திரையிலும் எங்காவது பொட்டு தெரிகிறதா பாருங்கள். மூன்று வருஷ வாரண்டி உண்டா, சர்வீஸ் சேலத்திலேயே நடக்குமா, கோயமுத்தூருக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டு, பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். அட்டைப்பெட்டியை வாரண்டி முடிகிறவரை பரண் மேலேயே போட்டு வையுங்கள்.